கொள்வனவுத் தீர்மானங்களும் முகாமைக் கணக்கீட்டுத் தகவல்களும்

வணிகமும் கணக்கீட்டுக் கல்வியும் – க.பொ.த சாதாரண தரம்



கணக்கீடு என்றதும் நாளேடு, பேரேடு, பரீட்சை மீதி, இறுதிக் கணக்குகள் என்பனவே உங்கள் நினைவுக்கு வரும். இவை நடந்து முடிந்த கொடுக்கல் வாங்கல்களைப் பதிவு செய்கின்றன. ஆனால் வியாபாரி ஒவ்வொரு நாளும் இனி நடக்கப் போவதைப் பற்றியே தீர்மானம் எடுக்க வேண்டியுள்ளது. அவற்றுள் முக்கியமானது கொள்வனவுத் தீர்மானம். எதனை, எவ்வளவு, எப்போது, யாரிடமிருந்து, எந்த நிபந்தனையில் வாங்குவது என்ற ஐந்து வினாக்களும் அதில் அடங்கும். நாளைய விலையும் நாளைய கேள்வியும் தெரியாத நிலையில் இத்தீர்மானத்தை எடுப்பதற்குக் கணக்கீடு எவ்வாறு உதவுகின்றது என்பதை இப்பாடத்தில் நோக்குவோம்.

1. முகாமைக் கணக்கீடு என்றால் என்ன?

வியாபாரத்தின் உள்ளே இருந்து திட்டமிடுபவர்களுக்கும் தீர்மானம் எடுப்பவர்களுக்கும் தேவையான தகவல்களைத் தயாரித்து வழங்கும் கணக்கீட்டுப் பிரிவே முகாமைக் கணக்கீடு ஆகும். நிதிக் கணக்கீட்டிலிருந்து அது வேறுபடும் விதம் பின்வருமாறு:

• நிதிக் கணக்கீடு பெரும்பாலும் வங்கி, அரசு, முதலீட்டாளர் போன்ற வெளியாருக்குப் பயன்படும். முகாமைக் கணக்கீடு உரிமையாளருக்கும் முகாமையாளருக்கும் பயன்படும்.
• நிதிக் கணக்கீடு கடந்த காலத்தைக் காட்டும். முகாமைக் கணக்கீடு எதிர்காலத்தை மதிப்பிடும்.
• நிதிக் கணக்கீடு கணக்கீட்டு நியமங்களுக்கு அமைய இருத்தல் வேண்டும். முகாமைக் கணக்கீட்டு அறிக்கைக்குக் கட்டாயமான படிவம் இல்லை. தீர்மானத்துக்கு எது தேவையோ அதுவே அதன் படிவம்.

இரண்டும் ஒரே ஏடுகளிலிருந்தே தகவல் பெறுகின்றன என்பதையும் மனதிற் கொள்க. ஏடுகள் ஒழுங்காக இல்லாத கடையில் முகாமைக் கணக்கீடும் இருக்க முடியாது.

2. நிச்சயமின்மை எங்கிருந்து வருகின்றது?

இலங்கையில் 2021, 2022ஆம் ஆண்டுகளில் நடந்தவை இதற்கு நல்ல உதாரணம். 2022 மார்ச் தொடக்கம் வரை ஓர் அமெரிக்க டொலரின் பெறுமதி சுமார் 200 ரூபாவாகப் பேணப்பட்டது. அம்மாதம் நாணயமாற்று வீதம் நெகிழவிடப்பட்டதைத் தொடர்ந்து, மே மாதமளவில் அது சுமார் 360 ரூபாவாகியது. வெளிநாட்டில் விலை ஒரு சதமேனும் கூடாத பொருளுக்கும் இங்கு ஏறத்தாழ 80 சதவீதம் அதிகமான ரூபா தேவைப்பட்டது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தனது துணைநில் கடன்வழங்கல் வசதி வீதத்தை 7.50 இலிருந்து 14.50 சதவீதமாக உயர்த்தியது. இதனால் கடன்பட்டுச் சரக்கு வாங்குவதன் கிரயமும் ஏறியது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது.

இறக்குமதி செய்யக் காசு கிடைக்காதபோது பொருளே கிடைப்பதில்லை. 2022 மார்ச்சில் அச்சிடும் கடதாசி போதாமையால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன.

நிச்சயமின்மை ஒரு பக்கமாக மட்டும் நகர்வதில்லை. 2022 இறுதியில் சுமார் 363 ரூபாவாக இருந்த டொலர் 2023 இறுதியில் சுமார் 324 ரூபாவாகக் குறைந்தது. விலை இன்னும் ஏறும் என நம்பி உயர்ந்த விலையில், உயர்ந்த வட்டிக்குக் கடன்பட்டு இறக்குமதிச் சரக்கைக் குவித்தவருக்கு இத்தகைய இறக்கம் பாதகமானது.

எனவே கொள்வனவின்போது வியாபாரி எதிர்நோக்கும் நிச்சயமின்மைகளை நான்காக வகுக்கலாம்:

(அ) விலை நிச்சயமின்மை – நாளை என்ன விலை?
(ஆ) கேள்வி நிச்சயமின்மை – எவ்வளவு விற்பனையாகும்?
(இ) வழங்கல் நிச்சயமின்மை – கட்டளையிட்ட பொருள் எப்போது வந்து சேரும்?
(ஈ) நிதி நிச்சயமின்மை – வட்டி என்னவாகும்? கடன்பட்டோர் உரிய நாளில் பணம் தருவார்களா?

3. தேவையான தகவல்கள் எந்த ஏட்டில் உள்ளன?

• கொள்வனவு நாளேடு: வழங்குநர் ஒவ்வொருவரின் விலையும் எவ்வாறு மாறி வந்துள்ளது.
• வெளித்திரும்பல் நாளேடு: எந்த வழங்குநரின் பொருள் அடிக்கடி பழுதாகித் திருப்பப்படுகின்றது. மலிவான விலை உண்மையில் மலிவா என்பதை இந்த ஏடே காட்டும்.
• விற்பனை நாளேடும் காசேடும்: எந்த மாதத்தில் எவ்வளவு விற்பனை, அதில் எவ்வளவு கைக்காசு, எவ்வளவு கடன்.
• இருப்புப் பதிவுகள்: கையிலுள்ள தொகை, நாளாந்த விற்பனை, கட்டளையிட்ட திகதி, பொருள் வந்த திகதி, பழுதான தொகை.
• கடன்கொடுத்தோர் பேரேடு: எவருக்கு எப்போது செலுத்த வேண்டும்.
• வங்கிக் கூற்று: மீதி, மேலதிகப்பற்று எல்லை, வட்டி.

4. கொள்வனவின் முழுக் கிரயம்

மாணவர்கள் பலர் கொள்விலையை மட்டுமே கிரயமாகக் கருதுகின்றனர். தீர்மானம் எடுக்கும்போது பின்வருவனவற்றையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும்.

கட்டளையிடற் கிரயம்: ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் ஏற்படும் ஏற்றுகூலி, தொலைபேசி, போக்குவரத்து முதலியன. அடிக்கடி வாங்கினால் இது கூடும்.

வைத்திருத்தற் கிரயம்: சரக்கில் முடங்கிய பணத்தின் வட்டி, களஞ்சிய வாடகை, ஈரத்தாலும் கறையானாலும் ஏற்படும் சேதம். ஒரேயடியாக அதிகம் வாங்கினால் இது கூடும். சொந்தப் பணத்தில் வாங்கினாலும் அப்பணத்தை வங்கியிலிட்டுப் பெற்றிருக்கக்கூடிய வட்டி இழக்கப்படுகின்றது. இது அமையச் செலவு ஆகும்.

தட்டுப்பாட்டுக் கிரயம்: பொருள் இல்லாமையால் இழந்த விற்பனை. கொப்பி வாங்க வந்தவர் அது இல்லையென்று திரும்பும்போது பேனையும் வாங்காமல் போகிறார். இது எந்த ஏட்டிலும் பதியப்படுவதில்லை. அதனாலேயே பலரும் மறந்துவிடும் கிரயம் இது.

முன்பு வாங்கிய சரக்குக்குக் கொடுத்த விலை இன்றைய தீர்மானத்துக்கு உரியதன்று. "போன மாதம் 80 ரூபாவுக்கு வாங்கினேன், இப்போது 100 ரூபா கொடுப்பதா?" என்று தயங்குபவர் முடிந்துபோன கிரயத்தைப் பார்க்கிறார். அவர் பார்க்க வேண்டியது இன்றைய விலையையும் நாளைய விலையையும் ஆகும்.

5. செய்து காட்டப்பட்ட உதாரணம்

(இது விளக்கத்துக்கான கற்பனை உதாரணம். விலைகள் கணிப்பதற்கு இலகுவாக அமைக்கப்பட்டுள்ளன.)

யாழ்ப்பாணத்திலுள்ள சிறிய புத்தகசாலை ஒன்றின் உரிமையாளர் அடுத்த மூன்று மாதங்களுக்கான அப்பியாசக் கொப்பிகளை வாங்கத் திட்டமிடுகிறார். அவரிடமுள்ள தகவல்கள்:

• முன்னைய ஆண்டுகளின் பதிவுகளின்படி மாதம் 1,000 கொப்பிகள் விற்பனையாகும்.
• இன்றைய கொள்விலை 100 ரூபா. விற்பனை விலை 125 ரூபா.
• ஒரு தடவை கொள்வனவு செய்வதற்கான போக்குவரத்துச் செலவு 2,500 ரூபா.
• ஒரு கொப்பியை ஒரு மாதம் வைத்திருக்கும் கிரயம் 3 ரூபா (வட்டி 2 ரூபா, சேதம் 1 ரூபா). வாங்கிய மாதத்திலேயே விற்கப்படும் கொப்பிக்கு இக்கிரயம் கணிக்கப்படவில்லை.
• வங்கி மீதி 160,000 ரூபா. மேலதிகப்பற்று எல்லை 50,000 ரூபா.
• விற்பனையில் 60 சதவீதம் கைக்காசு. மீதி அடுத்த மாதம் கிடைக்கும்.
• கடை வாடகையும் சம்பளமும் ஏனைய பொருட்களின் விற்பனையால் ஈடுசெய்யப்படுகின்றன.

இரண்டாம், மூன்றாம் மாதங்களில் கொள்விலை 100 ரூபாவாகவே இருக்கலாம், 120 ரூபாவாக ஏறலாம், அல்லது 90 ரூபாவாக இறங்கலாம். அவர் முன்னுள்ள திட்டங்கள் மூன்று:

திட்டம் 1: 3,000 கொப்பிகளையும் இப்போதே வாங்குதல்.
திட்டம் 2: மாதந்தோறும் 1,000 வீதம் வாங்குதல்.
திட்டம் 3: இப்போது 2,000, மூன்றாம் மாதத்தில் 1,000 வாங்குதல்.

படி 1 – மொத்தக் கிரயத்தைக் கணித்தல்

திட்டம் 1: கொள்விலை 300,000 + போக்குவரத்து 2,500 + வைத்திருத்தற் கிரயம் 9,000 = 311,500 ரூபா. (இரண்டாம் மாதத்துக்குரிய 1,000 கொப்பிகள் ஒரு மாதமும், மூன்றாம் மாதத்துக்குரிய 1,000 கொப்பிகள் இரண்டு மாதமும் வைத்திருக்கப்படுகின்றன. ஆகவே 3,000 + 6,000 = 9,000.)

திட்டம் 2: முதல் மாதம் 100,000 + அடுத்த இரு மாதங்களின் 2,000 கொப்பிகளுக்கான விலை + போக்குவரத்து 7,500.

திட்டம் 3: இப்போது 200,000 + மூன்றாம் மாதத்தின் 1,000 கொப்பிகளுக்கான விலை + போக்குவரத்து 5,000 + வைத்திருத்தற் கிரயம் 3,000.

| | விலை மாறாவிடில் (ரூபா) | 120 ஆக ஏறினால் (ரூபா) | 90 ஆக இறங்கினால் (ரூபா) |
|---|---|---|---|
| திட்டம் 1 | 311,500 | 311,500 | 311,500 |
| திட்டம் 2 | 307,500 | 347,500 | 287,500 |
| திட்டம் 3 | 308,000 | 328,000 | 298,000 |

படி 2 – சமநிலை விலையைக் காணல்

திட்டம் 1 உம் திட்டம் 2 உம் ஒரே கிரயத்தைத் தரும் எதிர்கால விலை p எனின்,

100,000 + 2,000p + 7,500 = 311,500
2,000p = 204,000
p = 102 ரூபா

இந்த ஒரு எண்ணின் பயனைக் கவனியுங்கள். "விலை என்னவாகும்?" என்ற வினாவுக்கு எவராலும் விடை கூற முடியாது. "விலை 102 ரூபாவுக்கு மேல் செல்லுமா, செல்லாதா?" என்பது அதைவிடச் சிறிய வினா. மொத்த வியாபாரியை விசாரித்தும் நாணயமாற்று வீதத்தைக் கவனித்தும் இதற்கு ஓரளவு விடை காணலாம்.

படி 3 – எதிர்பார்க்கும் கிரயத்தைக் கணித்தல்

கணித பாடத்தில் நிகழ்தகவு கற்றுள்ளீர்கள். விலை மாறாதிருப்பதற்கு 0.5, ஏறுவதற்கு 0.4, இறங்குவதற்கு 0.1 என உரிமையாளர் மதிப்பிடுகிறார் எனக் கொள்வோம்.

திட்டம் 1: 311,500 ரூபா.
திட்டம் 2: (0.5 × 307,500) + (0.4 × 347,500) + (0.1 × 287,500) = 153,750 + 139,000 + 28,750 = 321,500 ரூபா.
திட்டம் 3: (0.5 × 308,000) + (0.4 × 328,000) + (0.1 × 298,000) = 154,000 + 131,200 + 29,800 = 315,000 ரூபா.

இதன்படி திட்டம் 1 கிரயம் குறைந்தது. பல மாணவர்கள் இந்த இடத்தில் விடையை முடித்துவிடுவார்கள். ஆனால் இன்னும் ஒரு படி உண்டு.

படி 4 – காசுப் பாதீட்டைப் பார்த்தல்

பணம் செலுத்தும் நாளில் வங்கி நிலை:

திட்டம் 1: 160,000 – 302,500 = (142,500) ரூபா
திட்டம் 2: 160,000 – 102,500 = 57,500 ரூபா
திட்டம் 3: 160,000 – 202,500 = (42,500) ரூபா

அடைப்புக்குறிக்குள் உள்ளவை மேலதிகப்பற்று ஆகும். வங்கி அனுமதிப்பது 50,000 ரூபா மட்டுமே. எனவே திட்டம் 1 கிரயம் குறைந்ததாயினும் நிறைவேற்ற முடியாதது. அத்திட்டத்துக்குக் காசோலை எழுதினால் அது மறுக்கப்பட்டுத் திரும்பலாம். வழங்குநரிடம் உள்ள நம்பிக்கையும் போய்விடும்.

திட்டம் 3 எல்லைக்குள் அமைகின்றது. முதல் மாதம் கைக்காசு விற்பனையால் 75,000 ரூபா (125,000 இன் 60 சதவீதம்) கிடைத்ததும் மீதி 32,500 ரூபாவாகும். இரண்டாம் மாதத்தில் கடன்பட்டோரிடமிருந்து 50,000 உம் கைக்காசாக 75,000 உம் கிடைக்க, மீதி 157,500 ரூபாவாகும். மூன்றாம் மாதத்தில் விலை 120 ஆக ஏறியிருந்தாலும் தேவைப்படும் 122,500 ரூபாவைச் செலுத்த இது போதும். (இலகுவுக்காக மேலதிகப்பற்று வட்டி சேர்க்கப்படவில்லை.)

படி 5 – எதிர்பார்த்தது நடக்காவிடில்?

விலை ஏறி, விற்பனை விலையைக் கூட்டவும் முடியாவிட்டால், மொத்த விற்பனை வருமானமான 375,000 ரூபாவில் எஞ்சுவது திட்டம் 2 இல் 27,500 ரூபா. திட்டம் 3 இல் 47,000 ரூபா. விலை இறங்கினால் திட்டம் 2 இல் 87,500 ரூபாவும் திட்டம் 3 இல் 77,000 ரூபாவும் எஞ்சும். மோசமான நிலையில் 19,500 ரூபா நட்டத்தைத் தவிர்ப்பதற்காக, நல்ல நிலையில் கிடைக்கக்கூடிய 10,500 ரூபாவை உரிமையாளர் விட்டுக்கொடுக்கிறார்.

மூன்று மாதங்களிலும் 2,000 கொப்பிகளே விற்பனையாகும் என்று இரண்டு மாதங்களின் பின் தெரியவந்தால், திட்டம் 3 இல் மூன்றாம் மாதக் கட்டளையைக் குறைக்கலாம். திட்டம் 1 இல் 100,000 ரூபா பெறுமதியான கொப்பிகள் தேங்கிக் கிடக்கும். தீர்மானத்தின் ஒரு பகுதியைப் பின்னுக்கு விட்டுவைப்பதால் புதிய தகவலைப் பயன்படுத்தும் வாய்ப்புக் கிடைக்கின்றது.

தீர்மானம்: திட்டம் 3 பொருத்தமானது. கூடவே, வழங்குநரிடம் 30 நாள் கடன் வசதி கேட்டுப் பார்த்தல் வேண்டும். அது கிடைத்தால் காசுத் தடை தளர்ந்து, இப்போதே வாங்கும் தொகையைக் கூட்டலாம்.

6. எப்போது மீண்டும் கட்டளையிடுவது?

வழங்கல் தாமதமாகும் காலத்தில் இவ்வினா முக்கியமானது. இதற்கு இருப்பு மட்டங்கள் உதவுகின்றன.

மீள்கட்டளை மட்டம் = உச்ச நாளாந்த விற்பனை × உச்ச விநியோகக் காலம்
இழிவு இருப்பு மட்டம் = மீள்கட்டளை மட்டம் – (சராசரி நாளாந்த விற்பனை × சராசரி விநியோகக் காலம்)

மேற்படி கடையில் நாளொன்றுக்குச் சராசரியாக 40 கொப்பிகளும் ஆகக்கூடியது 50 கொப்பிகளும் விற்பனையாகின்றன. கட்டளையிட்டு, சரக்கு வந்துசேரச் சராசரியாக 6 நாட்களும் ஆகக்கூடியது 8 நாட்களும் எடுக்கும்.

மீள்கட்டளை மட்டம் = 50 × 8 = 400
இழிவு இருப்பு மட்டம் = 400 – (40 × 6) = 160

எரிபொருள் தட்டுப்பாட்டால் விநியோகக் காலம் சராசரி 9 நாட்களாகவும் உச்சம் 14 நாட்களாகவும் மாறினால்,

மீள்கட்டளை மட்டம் = 50 × 14 = 700
இழிவு இருப்பு மட்டம் = 700 – (40 × 9) = 340

விற்பனை சிறிதும் மாறவில்லை. ஆயினும் கடை பாதுகாப்புக்காக வைத்திருக்க வேண்டிய இருப்பு 160 இலிருந்து 340 ஆகியுள்ளது. மேலதிகமான 180 கொப்பிகளில் 18,000 ரூபா முடங்குகின்றது. நிச்சயமின்மைக்கும் ஒரு கிரயம் உண்டென்பதை இக்கணிப்புக் காட்டுகின்றது. பொருள் வந்த திகதியைக் குறித்து வைக்காத கடையில் இக்கணிப்பைச் செய்யவே முடியாது.

7. தகவலின் எல்லைகள்

• 0.4, 0.5 என்பன மதிப்பீடுகளே. மதிப்பீடு பிழைத்தால் விடையும் பிழைக்கும். ஆகையால் எண்களை மாற்றி மீண்டும் கணித்துப் பார்த்தல் நன்று.
• கடந்தகால விற்பனை எதிர்காலத்திலும் தொடரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.
• வழங்குநரின் நேர்மை, பொருளின் தரம், வாடிக்கையாளரின் நம்பிக்கை என்பனவற்றை ரூபாவில் அளப்பது கடினம்.
• தகவல் திரட்டுவதற்கும் நேரமும் பணமும் செலவாகும். 500 ரூபா மிச்சப்படுத்த 1,000 ரூபா செலவிட்டுத் தகவல் தேடுதல் பொருத்தமற்றது.

முகாமைக் கணக்கீடு எதிர்காலத்தைச் சோதிடம் போல் சொல்வதில்லை. எந்தத் தீர்மானம் பிழைத்தால் எவ்வளவு இழப்பு, அந்த இழப்பைக் கடை தாங்குமா என்பதை முன்கூட்டியே காட்டுகின்றது.

8. விடை எழுதும்போது கவனிக்க

1. தரவுகளை முதலில் வரிசைப்படுத்துக. தேவையற்ற தரவு தரப்பட்டிருந்தால் அதனைப் பயன்படுத்த வேண்டாம்.
2. அலகை மறவாது எழுதுக. ரூபா, கொப்பி, நாள் என்பன கலந்துவிடக்கூடாது.
3. கணிப்பை மட்டும் காட்டி நிறுத்தாது, "ஆகவே ... பொருத்தமானது, ஏனெனில் ..." என முடிவையும் காரணத்தையும் எழுதுக.
4. இலாபமும் காசும் ஒன்றல்ல. இலாபமான திட்டத்துக்கும் காசு போதாமல் போகலாம்.

9. பயிற்சி வினாக்கள்

(1) முகாமைக் கணக்கீட்டுக்கும் நிதிக் கணக்கீட்டுக்கும் இடையிலான வேறுபாடுகள் மூன்று தருக.

(2) பேக்கரி ஒன்றில் நாளாந்தம் சராசரியாக 50 கிலோவும் ஆகக்கூடியது 60 கிலோவும் கோதுமை மா பயன்படுத்தப்படுகின்றது. விநியோகக் காலம் சராசரி 3 நாட்கள், உச்சம் 5 நாட்கள். மீள்கட்டளை மட்டத்தையும் இழிவு இருப்பு மட்டத்தையும் கணிக்க.

(3) வியாபாரி ஒருவருக்கு இரண்டு மாதங்களுக்கு 500 சவர்க்காரங்கள் (மாதம் 250) தேவை. இன்றைய விலை 80 ரூபா. ஒரு தடவைக்கான போக்குவரத்து 500 ரூபா. ஒரு சவர்க்காரத்தை ஒரு மாதம் வைத்திருக்கும் கிரயம் 4 ரூபா. முழுவதையும் இப்போதே வாங்குவதும் இரு தடவையாக வாங்குவதும் ஒரே கிரயத்தைத் தரும் இரண்டாம் மாத விலை யாது?

(4) "கிரயம் ஆகக் குறைந்த கொள்வனவுத் திட்டமே எப்போதும் சிறந்தது." இக்கூற்றை நீர் ஏற்றுக்கொள்கின்றீரா? காரணம் தருக.

விடைகள்

(1) பகுதி 1 ஐப் பார்க்க.

(2) மீள்கட்டளை மட்டம் 60 × 5 = 300 கிலோ. இழிவு இருப்பு மட்டம் 300 – (50 × 3) = 150 கிலோ.

(3) இப்போதே வாங்கினால்: 40,000 + 500 + (250 × 4) = 41,500 ரூபா. இரு தடவையாயின்: 20,000 + 250p + 1,000 = 41,500. எனவே p = 82 ரூபா. விலை 82 ரூபாவுக்கு மேல் ஏறுமெனில் இப்போதே வாங்குதல் நன்று. காசு போதுமா என்பதையும் பார்க்க.

(4) ஏற்றுக்கொள்ள முடியாது. காசு வசதி, கேள்வி குறைந்தால் சரக்குத் தேங்கும் அபாயம், பொருளின் தரம், வழங்குநரின் நம்பகத்தன்மை என்பனவும் கருத்திற் கொள்ளப்படல் வேண்டும். பகுதி 5 இல் திட்டம் 1 நிராகரிக்கப்பட்ட காரணத்தை உதாரணமாக எழுதுக.